கண்ட அளவே சாட்சி

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. காவலர் வாசலில் நின்றதுமே எதிர் வீட்டுச் சன்னல் திறக்கும். தாயார் அடுப்படியிலிருந்து, "எந்த வம்புல போய் மாட்டுனே?" என்று கேட்பார். சாட்சியாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளக்கினாலும் வீட்டின் கவலை குறையாது. கோர்ட்டுப் படி ஏறுவதே குற்றம் செய்தவனின் வேலை என்று எண்ணிப் பழகிவிட்டோம். கடன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கக் கூடாது என்று கூறுகிறது. அதை ஓதியிருக்கிறோம். காவலர் வரும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

எனக்கு வந்த சம்மன் ஒரு சாலை விபத்தைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீரங்கம் மாம்பழச் சாலைப் பகுதியில் தேநீர்க் கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, பூக்கூடையுடன் சாலையைக் கடந்த மூதாட்டி ஒருவர் மீது இருசக்கர வாகனம் மோதியது. தூக்கிவிட ஓடியவர்களில் நானும் ஒருவன். அன்று மாலை காவல் நிலையத்தில் என்னிடம் வாக்குமூலம் பெற்றார்கள். வண்டி எதிர்த்திசையில் அதிவேகமாக வந்து மோதியது என்று சொன்னேன். மூதாட்டியின் கால் எலும்பு முறிந்தது. பிறகு அவர் பூ விற்க வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வண்டி ஓட்டிய இளைஞன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவன் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. வழக்கு விசாரணைக்கு வரும் வாரத்தில் இஷாத் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் என் தோளில் கைவைத்து ஓரமாக அழைத்துச் சென்றார். "தம்பி, நம்ம புள்ளை. வெளிநாட்டு வேலைக்கு விசா வந்திருக்கு. கேஸ் பதிவானா எல்லாம் போச்சு. பார்த்துச் சொல்லுங்க" என்றார். மிரட்டவில்லை, பணமும் பேசவில்லை. என் தந்தையின் ஜனாஸாவுக்கு முன்வரிசையில் நின்றவர் அவர். அந்தப் பரிவுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

குறித்த நாளில் காலை பத்தரை மணிக்குக் கண்டோன்மெண்டில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் இருந்தேன். பெயர் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளைக்குச் சென்றிருப்பதாகவும் பிற்பகல் வந்துவிடுவார் என்றும் அவருடைய உதவியாளர் சொன்னார். மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். நான்கு மணி நேரம் கையில் கிடைத்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் சகோதரி மகன் சென்ற ஆண்டு ஜூரி கடமைக்கு அழைக்கப்பட்டான். பெயர் கூப்பிடும்வரை காத்திருந்த நேரத்திலும், மதிய இடைவேளையிலும் அந்நகரின் பழைய கட்டடங்களை அலைபேசியில் படம்பிடித்து எங்கள் குடும்பக் குழுவில் அனுப்பிக்கொண்டிருந்தான். ஆறு ஆண்டுகளாக அதே ஊரில் இருக்கிறேன், இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். நான் திருச்சியில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன். அவன் சொன்னதை நினைத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்துக்குள் படமெடுக்கக் கூடாது என்பதால் வாயிலைக் கடந்த பிறகே அலைபேசியை எடுத்தேன்.

நம் நாட்டில் ஜூரி இல்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. அது இருந்த காலத்தில் அதன் தீர்ப்பால் வாழ்வு முறிந்தவர்களில் ஒருவர் நம் திருச்சிக்காரர். எம்.கே. தியாகராஜ பாகவதர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் சென்னை உயர்நீதிமன்ற ஜூரியினர் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது. 1947இல் உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் சாட்சியங்களை மறுபடி நிறுத்துப் பார்த்து விடுவித்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. ஜூரி போனதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அது போன பிறகு, ஒரு வழக்கின் உண்மையை நிர்ணயிப்பதில் சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் சாட்சிக் கூண்டுதான். அந்த இடத்தையும் பிறழ்சாட்சிகளால் நாமே காலி செய்துகொண்டிருக்கிறோம்.

ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிச் சத்திரம் அருகே இறங்கி, மெயின்கார்டு கேட்டுக்கு நடந்தேன். பழைய கோட்டையில் மிஞ்சிய வாயில் அது. மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெள்ளையர் அகன்ற சாலைகளைப் போட்டு 'புலவார்டு' என்று பெயரிட்டனர். நம் மக்கள் அதைப் புலிவார்டு ஆக்கிவிட்டார்கள். மேலப்புலிவார்டு ரோட்டில் புலியைத் தேடிய சிறுவர்களில் நானும் ஒருவன். வாயிலின் வளைவுக்கு அடியில் நின்று ஒரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தபோதுதான் அதன் கல் வளைவு எவ்வளவு தடிமனானது என்பது தெரிந்தது. ஆயிரம் முறை அதனூடே சென்றிருக்கிறேன். அகலம் என்ன என்று யாராவது கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால் துணிந்து ஏதோ ஓர் அளவைச் சொல்லியிருப்பேன்.

தெப்பக்குளத்தின் கரையில் நின்றால் மலைக்கோட்டையும் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். நாட்காட்டிப் படங்களில் அப்படித்தான் பார்த்த நினைவு. நான் நின்ற மூலையில் அது கைகூடவில்லை. ஒன்று வந்தால் மற்றொன்றைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் மறைத்தன. நினைவில் இருக்கும் காட்சிக்கும் கண்ணில் விழும் காட்சிக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதை எண்ணியபடியே ராணி மங்கம்மாள் மஹாலுக்குள் நுழைந்தேன். அரசு அருங்காட்சியகம் அங்கேதான் இயங்குகிறது. வெளியே கடைவீதியின் இரைச்சல். உள்ளே தூண்களும் குளிர்ந்த தரையும்.

இந்த நாயக்க அரசு முடிந்த கதை திருச்சி முஸ்லிம்கள் தலைகுனிந்து கேட்க வேண்டியது. மங்கம்மாளுக்குப் பின் வந்தவர்களில் கடைசியாக ஆண்டவர் ராணி மீனாட்சி. 1730களில் ஆற்காட்டு நவாப் குடும்பத்தைச் சேர்ந்த சந்தா சாஹிப் படையுடன் வந்தபோது, அவருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்று திருக்குர்ஆன் மீது ஆணையிட்டார் என்கின்றன வரலாற்று நூல்கள். பட்டுத் துணியில் சுற்றிவைத்து அவர் கைவைத்தது வேதமன்று, வெறும் செங்கல் என்பது ஊர் வழங்கும் கதை. மீனாட்சி அந்த ஆணையை நம்பினார். அரசை இழந்தார். நஞ்சருந்தி உயிர் துறந்தார் என்பர். பின்னர் 1752இல் சந்தா சாஹிப் பிரெஞ்சுப் படையுடன் ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகையில் சிக்கினார். தஞ்சைத் தளபதி மானோஜி தந்த உயிர்ப்பாதுகாப்பு வாக்கை நம்பி அவரிடம் சென்றார். அந்த வாக்கும் காற்றில் போயிற்று. அவர் தலை வெட்டப்பட்டது.

செங்கல் கதை மெய்யா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உண்மையாகவே குர்ஆன் இருந்து, அதன் மீது கைவைத்தே அவர் வாக்கை முறித்திருந்தால் பாவம் குறைவா, கூடுதலா? செங்கல் என்று கதை கட்டியவர், சந்தா சாஹிபுக்கு ஏதோ ஒரு தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. வேதத்தைத் தொடவில்லை, ஆகவே பொய்ச் சத்தியம் இல்லை என்ற சாமர்த்தியம். நாமும் அப்படிப்பட்ட செங்கற்களை நிறைய வைத்திருக்கிறோம். "பொய் சொல்ல வேண்டாம், ஞாபகம் இல்லைன்னு சொன்னாப் போதும்" என்று பெரியவர் சொன்னதும் பட்டில் சுற்றிய ஒரு செங்கல்தான்.

இன்றைய நீதிமன்றங்களில் எந்த நூலையும் தொட வேண்டிய கட்டாயமில்லை. அது திரைப்படங்கள் ஊட்டிய எண்ணம். 1969ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது மனசாட்சியுடன் உறுதிமொழி கூறலாம். நூல் கைக்கு அடியில் இல்லை என்பதால் முஸ்லிமுக்குப் பொறுப்பு குறைந்துவிடுமா? நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லி வருகையில் சாய்ந்து அமர்ந்திருந்தார்கள் என்றும், பொய்ச் சாட்சியைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்ப அதையே கூறினார்கள் என்றும் புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் வருகிறது. ஜும்ஆ மேடைகளில் வட்டியைப் பற்றிக் கேட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி நான் கேட்டதில்லை.

நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் ளுஹர் தொழுதேன். தர்கா வழிபாடு பற்றி நம்மிடையே இருக்கும் கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. நான் தேடிச் சென்றது அடக்கத்தலங்களை. சந்தா சாஹிப் அடங்கியிருப்பது அந்தச் சுற்றில்தான். கர்நாடக நவாப் பதவிக்காக அவரோடு ஆண்டுக்கணக்கில் போரிட்டு வென்ற முஹம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் இறந்தபோது, அவரது உடலையும் திருச்சிக்கே கொண்டு வந்து அதே சுற்றில் அடக்கினார்கள். இவர்களுக்காகச் செத்தவர்களின் கப்ருகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு புறா கும்மட்டத்தின் விளிம்பில் வந்து அமர்ந்ததும் ஒரு படம் எடுத்தேன். பெண்கள் அமர்ந்திருந்த பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. படமெடுப்பவருக்கும் ஓர் அதபு உண்டு. பார்க்க முடிவதெல்லாம் பதிவு செய்வதற்குரியது என்றாகாது.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. மறுபடி ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் நெரிசல். பக்கத்தில் புதுப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. மாம்பழச் சாலையில் இறங்கியபோது அந்தத் தேநீர்க் கடைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. ராஜகோபுரத்தைப் படமெடுக்கத்தான் வந்தேன். பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றிருந்து, 1987இல் பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமுமாக முடிக்கப்பட்டதை நான் மாணவனாக இருந்த காலத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் வழியில் அந்தக் கடை இருந்தது. அதே இடத்தில் பெஞ்சும் இருந்தது. ஒரு தேநீர் சொல்லிவிட்டு, அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தேன்.

அங்கிருந்து சாலையைப் படமெடுத்தபோது என் நெஞ்சு திக்கென்றது.

மூதாட்டி விழுந்த இடம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வண்டி வந்த பக்கம், நான் 'எதிர்த்திசையில் அதிவேகமாக' என்று உறுதியாகச் சொல்லியிருந்த அந்தப் பக்கம், படத்தில் இல்லை. மின்மாற்றியும் அதையொட்டிய பெட்டிக்கடையும் அதை முழுவதுமாக மறைத்தன. இடமும் வலமும் நகர்ந்து பார்த்தேன். மொத்தம் ஏழு படங்கள் எடுத்தேன். கடைக்காரரிடம் அந்தப் பெட்டிக்கடை எப்போது வந்தது என்று கேட்டேன். "அதுவா சார், எனக்கு முந்தியே இருக்கு. பதினஞ்சு வருசம் இருக்கும்" என்றார்.

அப்படியென்றால் அன்று நான் எதைக் கண்டேன்? சத்தம் கேட்டுத் திரும்பினேன். மல்லிகையும் கதம்பமும் சாலையில் சிதறிக் கிடந்தன. வண்டி சரிந்து கிடந்தது. அது எந்தப் பக்கம் நோக்கிக் கிடந்தது என்பதும் நினைவில்லை. 'எதிரே வந்து அடிச்சுட்டான்' என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மாலைக்குள் அது என் கண் கண்ட செய்தி ஆகிவிட்டது. வேகமாக வந்திருக்கலாம். எதிர்த்திசையில் வந்திருக்கலாம். ஊரார் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் பார்க்கவில்லை.

இத்தனை நாள் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தைத்தான் எனக்கு ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்னும் கட்டளை. பெரியவரின் வேண்டுகோளை மறுக்க அது போதுமானதாக இருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் அதே வசனத்தின் அடுத்த பகுதி நினைவுக்கு வந்தது. வழக்கில் உள்ளவர் செல்வந்தராயினும் ஏழையாயினும் அவர்கள் விஷயத்தில் அல்லாஹ்வே அதிக உரிமையுள்ளவன் என்பது அது. செல்வந்தருக்குச் சாயாதே என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழைக்காகவும் சாட்சியத்தை வளைக்காதே என்று அந்த வசனம் சேர்த்துச் சொல்கிறது. கூடை கவிழ்ந்து கிடந்த அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த இரக்கத்தில், அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்ற ஆவலில், நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் என்னிடம் கேட்ட காரியத்தை மறுபக்கத்திலிருந்து நான் முன்னமே செய்து முடித்திருந்தேன்.

யூசுஃப் அத்தியாயத்தில் வரும் அந்தச் சாட்சியை எண்ணிப் பாருங்கள். யூசுஃப் நபி (அலை) மீது அவதூறு சுமத்திய பெண்ணின் சொந்தக் குடும்பத்திலிருந்தே ஒருவர் முன்வருகிறார். அவர் நிகழ்ச்சியைக் கண்டதாகக் கூறவில்லை. எங்கள் வீட்டுப் பெண் என்றும் பேசவில்லை. சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்பக்கமா என்று பாருங்கள் என்கிறார். அவ்வளவுதான். அந்த வீட்டில் அத்தனை பேர் ஆளுக்கொரு முடிவோடு நின்றிருப்பார்கள். குர்ஆன் 'சாட்சி' என்று குறிப்பிடுவது துணியின் கிழிசலைப் பார்க்கச் சொன்னவரை.

சாட்சி என்ற சொல்லில் கண் இருக்கிறது. கண்ணோடு இருந்தவன் என்பது வடமொழியில் அதன் பொருள். அரபியில் ஷஹாதத் என்னும் சொல்லின் வேரில் அந்த இடத்தில் உடனிருத்தல் என்ற பொருள் உண்டு. கலிமாவை நாம் அந்தச் சொல்லால்தான் தொடங்குகிறோம். வாட்ஸ்அப்பில் வருவதை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, 'எனக்கே தெரியும்' என்று பேசும் காலத்தில், அச்சொல்லின் கனம் நம் நாவில் தேய்ந்துபோயிருக்கிறது. மதக் கலவரச் செய்தியாக இருந்தாலும், ஜமாஅத் தகராறாக இருந்தாலும், ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சாக இருந்தாலும், நாம் அங்கே இருந்தோமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் எத்தனை வாக்குமூலங்கள் நிற்கும் என்று தெரியவில்லை. என்னுடையது நிற்கவில்லை.

ராஜகோபுரத்துக்குப் போகவில்லை. நேரமும் இல்லை, மனமும் இல்லை.

மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞரைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காவல் நிலையத்தில் சொன்னதிலிருந்து மாறினால் பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கோர வேண்டியிருக்கும் என்றார். "யாராவது பேசுனாங்களா?" என்றும் கேட்டார். பேசினார்கள், ஆனால் அதற்காக இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அலைபேசியில் இருந்த ஏழு படங்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, மோதியதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். மோதிய சத்தம் கேட்டுத் திரும்பியதையும், அந்தப் பையன்தான் வண்டியிலிருந்து விழுந்து எழுந்ததையும், அவன் ஓடிவிடாமல் அங்கேயே நின்றதையும் பார்த்தேன் என்றேன். "அதைச் சொல்லுங்க. மீதி எங்க பாடு" என்றார்.

அன்று அதையும் சொல்ல வாய்ப்பு வரவில்லை. மதுரைக்குச் சென்ற வழக்கறிஞர் திரும்பவில்லை. நடுவர் அடுத்த மாதத்திற்கு வாய்தா கொடுத்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பின் பெரியவர் என்னருகே வந்து அமர்ந்தார். அவரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எதிர்த்திசை, வேகம் இரண்டையும் பார்க்கவில்லை என்று சொல்வேன், அவன்தான் ஓட்டினான் என்பதையும் சொல்வேன் என்றேன். முதல் பாதியில் அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது பாதியில் வாடியது. "அதையும் சொல்லணுமா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். அந்த அம்மாவை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்தனுப்பினோம் என்றார். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

அவர் வீடு மேலூர் ரோடு பக்கம் என்று தேநீர்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். சாட்சி என்ற நிலையில் வழக்கு முடியும்வரை நான் அங்கே செல்வது சரியன்று. பெரியவரும் பையனின் தகப்பனாரும் செல்லலாம், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல். அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாய்தா அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.